பிளேடு மாட்டும் ரேசர் வெட்டுகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா? தவறைக் கண்டுபிடிக்கும் வழி

தம்பிக்குத்தான் முதலில் கற்றுக்கொடுத்தேன். பிறகு அக்காள் மகன், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன், அலுவலக நண்பர்கள் என்று இந்த ஏழு ஆண்டுகளில் ஒரு டஜன் பேராவது இருபுறமும் கூருள்ள ஒற்றைப் பிளேடு மாட்டும் ரேசருக்கு மாறியபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோருமே இரண்டாவது வாரத்தில் திரும்பி வந்தார்கள். கழுத்தில் சிவப்பு, தாடையில் கீறல், கூடவே "பிளேடு சரியில்லை போலிருக்கிறது, வேறு எது வாங்கலாம்?" என்ற கேள்வி. பெரும்பாலும் பிளேடு நன்றாகத்தான் இருந்தது. கைதான் அழுத்தியிருந்தது.

ஆகவே கீழே ஒவ்வொரு குறைக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். கடைக்குப் போக வேண்டியது அதற்குப் பின், மருத்துவரிடம் போக வேண்டியது கடைசியில். ஒரு சவரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிளேடு, கிரீம், கோணம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

எந்தக் குறையானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

*பிளேடு நேராக உட்கார்ந்திருக்கிறதா?* ரேசர் தலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் பிளேடின் விளிம்பு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் வெட்டும், மறுபக்கம் வழுக்கும். கைப்பிடியைக் கால் சுற்று தளர்த்தி, மேல்மூடியின் குறுகிய ஓரங்களை இரு விரலால் பிடித்து அழுத்தியபடி மீண்டும் இறுக்குங்கள். கூர் விளிம்பில் விரல் படக்கூடாது.

*தட்டு தலைகீழாக இருக்கிறதா?* மூடி, பிளேடு உட்காரும் தட்டு, கைப்பிடி என மூன்று துண்டாகக் கழலும் ரேசரில் புதியவர்கள் செய்யும் தவறு இது. பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். மூடியும் தட்டும் அதை வளைத்து இறுகப் பிடித்தால்தான் அது விறைப்பாக நிற்கும். தட்டின் மேடான பக்கம் மூடியைப் பார்த்து இருக்க வேண்டும். புரட்டிப் போட்டால் பிளேடு வளையாமல் அதிரும். அக்காள் மகன் மூன்று வாரம் இப்படியே சவரம் செய்திருக்கிறான், பாவம்.

*கை அழுத்துகிறதா?* கைப்பிடியின் அடிநுனியை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து ஒரு கன்னத்தை மழித்துப் பாருங்கள். அப்படிப் பிடித்தால் அழுத்தவே முடியாது. ரேசரின் எடையே போதும். இந்தப் பிடியில் குறை குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது, மேலே படிக்க வேண்டியதில்லை. பல பிளேடு கொண்ட பிளாஸ்டிக் ரேசரின் தலை அசையும், அழுத்தினால் பின்வாங்கும். அதில் பழகிய கைக்கு அழுத்துவது இயல்பாகிவிட்டது. இந்த ரேசரின் உலோகத் தலை பின்வாங்காது.

*கோணம் சரியா?* கைப்பிடி கன்னத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி மூடியின் உச்சியைத் தோலில் வையுங்கள். இப்போது பிளேடு தொடாது. கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே சிறிது சிறிதாக இழுங்கள். முடி அறுபடும் 'சரசர' ஒலி தொடங்கும் இடம்தான் உங்கள் கோணம். ஏறக்குறைய 30 பாகை என்பார்கள். அளவுகோலைவிடக் காதுதான் இதற்கு நல்ல கருவி. அதனால் குளியலறைக் குழாயை மூடிவிட்டுச் சவரம் செய்யுங்கள்.

அறிகுறி: இரத்தம் வருகிறது

எப்படி வருகிறது என்று பாருங்கள். அதை வைத்துத்தான் காரணம் பிரியும்.

*ஊசிமுனைப் புள்ளிகளாக, பல இடங்களில்.* அழுத்தம், அல்லது நுரை இல்லாத இடத்தில் இரண்டாம் முறை இழுத்தது. மழித்த இடத்தை விரலால் தடவி, "கொஞ்சம் மிச்சமிருக்கிறதே" என்று வெறும் தோலில் ரேசரை ஓட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதிப் புள்ளிகள் மறையும். மீண்டும் இழுக்க வேண்டுமானால் மீண்டும் நுரை பூசுங்கள்.

*கோடாக, ஒரே கீறல்.* ரேசர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. பிளேடு தன் விளிம்புக்குக் குறுக்கே மட்டுமே செல்ல வேண்டும். காய்கறியை அரிவது போலப் பக்கமாகச் சறுக்கினால் தோல் அறுபடும். ஈரக் கையில் கைப்பிடி வழுக்குவதும் காரணமாகலாம். இரு கைகளையும் துடைத்துவிட்டு இடக்கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள், இழுப்பைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு இரண்டு விரற்கடை நீளம் போதும்.

*எப்போதும் ஒரே இடத்தில்.* தாடையின் முனை, குரல்வளை மேடு, மேலுதட்டின் ஓரம் ஆகிய மூன்றும்தான் வழக்கமான இடங்கள். வளைவில் தட்டையான பிளேடு சறுக்குவதுதான் சிக்கல். குரல்வளை மேட்டில் எச்சில் விழுங்கியபடி தோலைப் பக்கவாட்டில் இழுத்துத் தட்டையாக்குங்கள். தாடை முனையைத் தாண்டும்போது கைப்பிடியைச் சற்றே திருப்பி, மூடி தோலிலேயே உருளும்படி விடுங்கள். மேலுதட்டுக்கு மூக்கை மேலே தூக்கி, உதட்டைப் பல்லோடு கீழே இழுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சிறிய மரு அல்லது மச்சம் இருந்தால் பயிற்சி உதவாது, அதைச் சுற்றிப் போங்கள். மச்சம் நிறம் மாறினாலும், தானாகவே இரத்தம் கசிந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரத்தத்தை நிறுத்த முதலில் குளிர்ந்த நீர். பிறகு முடி திருத்தும் கடைகளில் காலங்காலமாக வைத்திருக்கும் அதே படிகாரக் கட்டி. நனைத்து வெட்டின் மேல் அரை நிமிடம் அழுத்துங்கள். நிற்கவில்லையென்றால் சுத்தமான துணியை மடித்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு இரத்தம் நிற்பதில்லை.

*மருத்துவரிடம் போக வேண்டியது:* இருபது நிமிடம் விடாமல் அழுத்தியும் கசிந்தால், அல்லது வெட்டின் வாய் பிளந்து நின்றால். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இந்த ரேசருக்கு மாறும் முன்பே தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: வெட்டு இல்லை, ஆனால் முகம் எரிகிறது

இங்கே படிகாரம் மருந்து மட்டுமல்ல, சோதனைக் கருவியும்கூட. சவரம் முடிந்து முகத்தைக் கழுவியதும் நனைத்த படிகாரத்தை முகம் முழுக்க ஒரு முறை தடவுங்கள். எங்கே சுருக்கென்று குத்துகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது அதிகமுறை ஓட்டியிருக்கிறீர்கள். எங்கே ஒன்றும் தெரியவில்லையோ அங்கே உங்கள் கை சரியாக இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தவறை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு பொருளை நான் பார்த்ததில்லை. ஒரு நிமிடத்தில் கழுவிவிடுங்கள். படிகாரம் காய்ந்து கிடந்தால் அதுவே தோலை இறுக்கி எரியவைக்கும்.

*படிகாரம் கழுத்தில் மட்டும் குத்துகிறது* என்றால் கழுத்தில் முடி வளரும் திசை தெரியாமல் எதிர்த்திசையில் மழிக்கிறீர்கள். கழுத்துச் சொரசொரப்புக்கான பகுதிக்குப் போங்கள்.

*முகம் முழுக்கக் குத்துகிறது* என்றால் எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் முடியின் திசையில் ஒரே ஒரு முறை போதும். இரண்டாவது மாதம் குறுக்காக ஒரு முறை சேர்க்கலாம். எதிர்த்திசை மழிப்பைக் கை பழகும்வரை தொடவே வேண்டாம். கண்ணாடி போன்ற கன்னம் முதல் வாரத்திலேயே வேண்டும் என்ற அவசரத்தால்தான் பலர் இந்த ரேசரையே கைவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

*குத்தவே இல்லை, ஆனால் அரை மணி நேரம் கழித்து எரிகிறது, அரிக்கிறது* என்றால் ரேசரை விட்டுவிட்டுப் புட்டிகளைப் பாருங்கள். சவரத்துக்குப் பின் பூசும் ஆல்கஹால் கலந்த திரவத்தை ஒரு வாரம் நிறுத்துங்கள். பிறகும் தொடர்ந்தால் கிரீமின் வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மழிக்காத கன்னமேட்டிலும் நெற்றியிலும் நுரை பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கிரீமைச் சிறிதளவு முன்கையின் உள்பக்கம் பூசி, சில நிமிடம் விட்டுக் கழுவி, இரண்டு நாள் கவனியுங்கள். சிவந்தால் வாசனை சேர்க்காத கிரீமுக்கு மாறுங்கள்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, வெந்நீர் மூன்றும் எரியும் தோலுக்கு வேண்டாம். குளிர்ந்த நீரும் இரண்டு நாள் ஓய்வும் போதும்.

*மருத்துவரிடம் போக வேண்டியது:* முகம் வீங்கினால், நீர்க் கொப்புளங்கள் எழுந்தால், இரண்டு வாரம் சவரத்தை நிறுத்தியும் சிவப்பு போகாவிட்டால். முகமோ உதடோ வீங்கி மூச்சும் திணறினால் உடனே மருத்துவமனைக்கு.

அறிகுறி: பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கிறது

முடி நனைந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. காய்ந்த முடி கடினமானது. குளித்த பிறகு மழியுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். தம்பி காலையில் குளிப்பதற்கு முன் சவரம் செய்துகொண்டிருந்தான். வரிசையை மாற்றியதும் இழுப்பு நின்றது.

அடுத்தது முடியின் நீளம். ஒரு வாரத் தாடியை இந்த ரேசரால் நேரடியாக எடுக்க முயன்றால் இழுக்கத்தான் செய்யும். முதலில் கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ குட்டையாக்குங்கள்.

மூன்றாவது, பிளேடின் வயது. ஒரு பிளேடு பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஏழு சவரம் வரை வரும். முரட்டு முடியென்றால் மூன்றே. எத்தனையாவது சவரம் என்று நினைவில் நிற்காது, ஆகவே பிளேடு மாட்டிய தேதியைக் குளியலறைக் கண்ணாடியின் மூலையில் எழுதி வையுங்கள். பிளேடைத் துண்டால் துடைப்பவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் மழுங்கும். தண்ணீரில் அலசி, உதறிக் காயவிட்டால் போதும்.

புதிய பிளேடும் முதல் இழுப்பிலேயே இழுக்கிறதென்றால் இப்போதுதான் வேறு வகை வாங்கும் நேரம். ஒரே பிளேடு ஒருவருக்கு வெண்ணெயாகவும் இன்னொருவருக்கு முள்ளாகவும் இருக்கும். மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைப்பவற்றில் மூன்று நான்கு வகைகளை ஒவ்வொரு சிறு பாக்கெட் வாங்கி, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பிளேடாவது பயன்படுத்திவிட்டு முடிவெடுங்கள். ஜப்பானின் ஃபெதர் பிளேடு மிகக் கூர்மையானது என்று பெயர் பெற்றது. கை நிதானப்படும் முன் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

அறிகுறி: நுரை வருவதில்லை, வந்தாலும் காய்ந்துவிடுகிறது

நம் ஊர்களில் பலர் பிளேடைக் குறைசொல்லும் இடத்தில் உண்மையான காரணம் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். வாளி ஓரத்திலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடுகின்றன. நுரைக்குப் பதில் ஒட்டும் படலம் வரும்.

சோதனை எளிது. நாளைக் காலை ஒரு டம்ளர் கேன் தண்ணீரையோ மழைநீரையோ எடுத்து, பிரஷ்ஷை நனைப்பது முதல் நுரை கட்டுவது வரை அதையே பயன்படுத்துங்கள். நுரை சட்டென்று மாறினால் இனி அந்த ஒரு டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், முகம் கழுவக் குழாய் நீர் போதும். அதுவும் சிரமமென்றால் கட்டி சோப்பை விட்டு டியூப் கிரீமுக்கு மாறுங்கள். உப்புத் தண்ணீரில் கிரீம் பரவாயில்லாமல் நுரைக்கும்.

*கேன் தண்ணீரிலும் நுரை காய்கிறது* என்றால் தண்ணீர் குறைவு. பாதாம் பருப்பு அளவு கிரீமை எடுத்து, பிரஷ்ஷைச் சுழற்றும்போது நாலைந்து சொட்டாகத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒன்றரை நிமிடமாவது சுழற்ற வேண்டும். கெட்டித் தயிர் போல மினுமினுப்பாக, பெரிய குமிழிகள் இல்லாமல் வந்தால் சரி. பஞ்சு போல உலர்ந்து நின்றால் இன்னும் நீர் வேண்டும். *குமிழியாகி வழிகிறது* என்றால் நீர் மிகுதி, கிரீம் சேருங்கள். மின்விசிறிக்கு அடியில் நின்று மழிப்பவர்களுக்கு எவ்வளவு நல்ல நுரையும் காயும். அவர்கள் முகத்தைப் பாதி பாதியாகப் பூசிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: கன்னம் வழவழப்பு, கழுத்து சொரசொரப்பு

இதற்கு ரேசரும் பிளேடும் காரணமே இல்லை. கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும், சிலருக்குச் சுழியே இருக்கும். இடக் கழுத்தும் வலக் கழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இரண்டு நாள் மழிக்காமல் விட்டுக் கழுத்தை விரல் நுனியால் நான்கு திசையிலும் தடவுங்கள். வழுக்கும் திசை முடியின் திசை, உரசும் திசை எதிர்த்திசை. ஒரு காகிதத்தில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கற்ற எல்லோரையும் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். செய்தவர்கள் யாரும் கழுத்தைப் பற்றி இரண்டாம் முறை கேட்டதில்லை. முதல் ஓட்டம் அந்த அம்புகளின்படி, மிச்சமிருந்தால் நுரை பூசி இரண்டாவது ஓட்டம் குறுக்காக. அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்குச் சற்றே தட்டுப்படும் கழுத்து குறையல்ல.

*சுழி பிடிபடவில்லை* என்றால் அனுபவமுள்ள முடிதிருத்துநரிடம் ஒரு முறை சவரம் செய்துகொண்டு, அவர் கழுத்தில் எந்தத் திசையில் கத்தியை ஓட்டுகிறார் என்று கவனியுங்கள். கேட்டால் பெரும்பாலானோர் அன்போடு விளக்குவார்கள். உங்கள் கண்முன் புதுப் பிளேடு மாற்றச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, சி போன்ற தொற்றுகள் இரத்தம் பட்ட பிளேடால் பரவக்கூடியவை. வீட்டிலும் அப்பாவும் மகனும் ஒரே பிளேடைப் பயன்படுத்தக் கூடாது.

அறிகுறி: இரண்டு மூன்று நாளில் முண்டுகள், கொப்புளங்கள்

கண்ணாடிக்கு அருகில் போய்ப் பாருங்கள்.

*முண்டுக்குள் முடி சுருண்டு தெரிகிறது.* வெட்டிய முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்கிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். ஊசியால் தோண்டாதீர்கள், தழும்பு நிற்கும். எதிர்த்திசை மழிப்பையும், தோலை மிகவும் இழுத்துப் பிடிப்பதையும் நிறுத்துங்கள். குறையவில்லையென்றால் மூன்று நான்கு வாரம் ரேசரை ஒதுக்கி வைத்து, டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். சிலருடைய தோலுக்கு அதுதான் நிரந்தர வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

*மயிர்க்கால்தோறும் சீழ் கட்டிய சிறு பருக்கள்.* தொற்று. உள்ளவை ஆறும்வரை சவரம் வேண்டாம். பழைய பிளேடைக் கழற்றி எறியுங்கள், பிரஷ்ஷைச் சோப்பு நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். ஒரு வாரத்தில் ஆறாவிட்டாலோ, பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அந்த ஒரு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

*வட்டமாகப் படரும் அரிப்பு, ஓரம் மட்டும் தடித்துச் சிவந்திருக்கிறது.* படர்தாமரையாக இருக்கலாம். நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் திரும்பி வரும்.

*ஆறிய இடம் தடித்து மேலெழும்பும் தழும்பாகிறது.* சவரத்தையே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: ரேசரிலேயே கோளாறு

*இறுக்கினாலும் தலை ஆடுகிறது.* திருகின் புரியில் சோப்புப் படிவம் இருக்கும். கழற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பிறகும் ஆடினால் புரி தேய்ந்துவிட்டது. லேத் பட்டறையில் சரிசெய்யும் கூலிக்குப் புது ரேசரே வந்துவிடும்.

*முலாம் உரிந்து குழி விழுகிறது.* விலை குறைந்த ரேசர்கள் பலவும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோமியம் பூசியவை. புளியும் வினிகரும் போட்டுப் பித்தளைக் குடம் போலத் தேய்த்தால் கெட்டுவிடும். குழி பிளேடு உட்காரும் இடத்தில் என்றால் ரேசரை மாற்றுங்கள். கைப்பிடியில் என்றால் கவலையில்லை.

*தாத்தாவின் ரேசர் இருக்கிறது, பிளேடு பொருந்துமா?* இருபுறமும் கூருள்ள பிளேடு மாட்டும் வகை என்றால் அனேகமாகப் பொருந்தும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய மூன்று துண்டு ரேசரிலும் இன்றைய பெட்டிக்கடை பிளேடு உட்காரும். வெந்நீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மேலே சொன்ன முதல் சோதனைகளைச் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தலையின் ஓரம் நசுங்கியிருந்தால் மட்டும் அலமாரியில் நினைவுப் பொருளாக வைத்துவிடுங்கள்.

*பிளேடில் துரு.* துடைத்து ஓட்டப் பார்க்காமல் மாற்றுங்கள். சவரம் முடிந்ததும் கைப்பிடியைத் தளர்த்தி உதறி வைத்தால் அடுத்தது துருப்பிடிக்காது. கழற்றிய பிளேடைக் குப்பைப் பையில் அப்படியே போட்டால் அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல்தான் அறுபடும். ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதற்குள் போட்டுக்கொண்டே வாருங்கள். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டியில் வருபவர் கையில் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.